நிறம் மாறிய இடம்

அசர்பைஜானின் பாகு நகரிலுள்ள கம்பள நூதனசாலையில், நடைவழியில் விரிக்கும் ஒடுங்கிய நீண்ட கம்பளமொன்றைப் பார்த்தேன். ஓரிடத்தில் அதன் சிவப்பு வெளிறியிருந்தது. பழுதென்றே நினைத்தேன்.

பின்னர்தான் காரணம் விளங்கியது. கொக்கேசியக் கிராமங்களில் பெண்கள் ஆட்டு உரோமத்தை நூற்று, மஞ்சிட்டி இனச் செடியின் வேரால் சிவப்பும் அவுரியால் நீலமும் ஏற்றினார்கள். பாவின் இரண்டிரண்டு இழைகளில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டார்கள். சிறிது சிறிதாகச் சாயமிட்டதால், ஒருமுறை வந்த நிறம் மறுமுறை அப்படியே வராது. நூல் முடிந்தால் மறுபடி சாயமிட்டுத் தொடர்ந்தார்கள். அந்த நிறமாற்றத்தைக் கைவேலையின் அடையாளமாகவே இன்று பலர் மதிக்கிறார்கள்.

அசர்பைஜானியப் பெண்களும் ஆர்மேனியப் பெண்களும் இந்நெசவில் வல்லவர்கள். கரபாக் யுத்தத்தில் இரு இனத்தவருமே இடம்பெயர்ந்தார்கள். 1992இல் சுசா நகர் வீழுமுன், அங்கிருந்த நூதனசாலைக் கம்பளங்களில் ஒரு பகுதி பாகுவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2010இல் அசர்பைஜானியக் கம்பள நெசவை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சகோதரிகளே, பழைய கம்பளங்கள் பலவற்றில் நெய்தவளின் பெயர் இல்லை. ஆனால் நூல் தீர்ந்த இடத்தில் அவள் வேலையை விட்டுவிடவில்லை என்பது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.