பென்டிரைவைச் செருகினால் 'கேம்' பறக்குமாம்! 399 ரூபாயோடு அப்பா போட்டோவையும் பறிகொடுத்த மாணவன்

ராஜாக்கமங்கலம்,-

பழைய கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவைச் செருகி வைத்தால் போதும், 'கேம்' பிய்த்துக்கொண்டு ஓடும் என்ற பேச்சை நம்பி, ராஜாக்கமங்கலம் பகுதியைச் சேர்ந்த பிளஸ்-1 மாணவன் ஒருவன் 399 ரூபாயைப் பறிகொடுத்தான். போனது பணம் மட்டும் இல்லை. இறந்துபோன அப்பாவின் போட்டோக்களும் சேர்ந்து போய்விட்டன.

அதன் விவரம் வருமாறு:-

பையனின் அம்மா கயிறு திரிக்கும் வேலைக்குப் போகிறவர். அப்பா 3 வருடம் முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். வீட்டில் சொத்து என்று சொல்ல ஒரு லேப்-டாப். மூத்த அக்கா பிளஸ்-2 படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. அக்கா கல்யாணமாகி வள்ளியூர் போய்விட்டார். லேப்-டாப் தம்பிக்கு வந்து சேர்ந்தது.

இந்த இலவச லேப்-டாப் திட்டத்தை 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். முதலில் கொடுத்த லேப்-டாப்புகளில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அன்றைக்கு அது பெரிய சமாச்சாரம். இன்றைக்குப் பையன்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் செல்போனில் அதைவிட அதிக ரேம் இருக்கிறது.

பையனுக்கு 'ஜி.டி.ஏ. 5' விளையாட ஆசை. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோதே அந்த கேம், குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேம், 1 ஜி.பி. மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு, 65 ஜி.பி. காலி இடம் கேட்டது. இவன் லேப்-டாப்பில் ரேம் பாதிதான். கிராபிக்ஸ் கார்டு கிடையவே கிடையாது.

"லே, பென்டிரைவைக் குத்து!"

டியூசனில் கூடப் படிக்கும் ஒரு பையன்தான் யோசனை சொல்லி இருக்கிறான். "லே மக்கா, ரெடிபூஸ்ட்னு ஒண்ணு இருக்கு. பென்டிரைவைக் குத்திப் போட்டா அது ரேம் ஆயிரும். கேம் சும்மா பறக்கும்" என்றானாம்.

உடனே செல்போனில் தேடி, 2 டெரா-பைட் பென்டிரைவ் 399 ரூபாய் என்று வந்த விளம்பரத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டான். 2 டெரா-பைட் என்றால் 2 ஆயிரம் ஜி.பி.! அந்த விலைக்கு அது எப்படிக் கட்டும் என்று பையனும் கேட்கவில்லை, பணம் கொடுத்த அம்மாவும் கேட்கவில்லை. பார்சல் வந்தது. பார்க்க நல்ல பளபளப்பு.

செருகினான். "இதன் வேகம் ரெடிபூஸ்டுக்குப் போதாது" என்று விண்டோஸ் கையை விரித்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். "சரி, 2 டெரா-பைட் இருக்கே" என்று லேப்-டாப்பில் இருந்த குடும்ப போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அதற்கு மாற்றினான். கேமுக்கு இடம் வேண்டுமே! லேப்-டாப்பில் இருந்ததை அழித்தான். அந்த இடத்தில் நண்பனிடம் இருந்து வாங்கி வந்த கேமைக் கொட்டினான்.

கேம் ஓடவில்லை. அடுத்த வாரம் அக்கா வந்து, அப்பா படம் ஒன்று பிரேம் போட வேண்டும் என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பென்டிரைவில் போட்டோக்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. திறந்தால் ஒன்றும் இல்லை!

ரெடிபூஸ்ட் பொய்யா?

இதுபற்றி நாகர்கோவிலில் 20 வருடமாக கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் நமது நிருபர் விசாரித்தார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கூறியதாவது:-

"ரெடிபூஸ்ட் பொய் இல்ல கேட்டேளா. 2007-ல விஸ்டா வந்தப்போ மைக்ரோசாப்ட்காரனே கொண்டு வந்ததுதான். ஆனா அது ரேம் ஆகாது. நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல அரங்குல பத்தாயம் இருக்கும்லா? அதுதான் ஹார்டு டிஸ்க். அடுப்பு மேடைதான் ரேம். மேடை சின்னதா இருந்தா ஒவ்வொரு தடவையும் பத்தாயத்துக்கு ஓடணும். ரெடிபூஸ்ட்ங்கது அடுக்களை மூலையில ஒரு பானையில கொஞ்சம் அரிசி எடுத்து வைக்கிறது. நடை மிச்சம். அவ்வளவுதான். அடுப்பு வேகமா எரியுமா? எரியாது. கேமுக்கு அடுப்பு கிராபிக்ஸ் கார்டு!"

அரிசி கணக்கை நம்பர் கணக்கில் சொன்னால் இப்படி வரும். லேப்-டாப் ஹார்டு டிஸ்கில் உள்ளே தகடு சுற்றுகிறது. ஒரு சின்னத் துண்டு தகவலைத் தேடி எடுக்க சுமார் 15 மில்லி செகண்டு ஆகும். பென்டிரைவில் சுற்றும் தகடு இல்லை. 1 மில்லி செகண்டு அளவில் எடுத்துவிடும். சில்லறைத் தகவலுக்கு பென்டிரைவ் கில்லாடி.

மொத்தமாக அள்ளும்போது கதை தலைகீழ். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை வழியாக வினாடிக்கு 30 எம்.பி. வந்தாலே அதிகம். ஹார்டு டிஸ்க் அதைப்போல 2, 3 மடங்கு அள்ளும். ரேமோ 10 ஆயிரம் எம்.பி.க்கு மேல்! பென்டிரைவ் எங்கே, ரேம் எங்கே?

விஸ்டா வந்த காலத்தில் பல கம்ப்யூட்டர்களில் ரேம் 512 எம்.பி.தான். அங்கே ரெடிபூஸ்ட் கை கொடுத்தது. ரேம் கூடக் கூட அதன் மவுசு குறைந்துவிட்டது. விஸ்டாவில் ஒரு பென்டிரைவ், அதிலும் 4 ஜி.பி. மட்டும். விண்டோஸ் 7-ல் 8 பென்டிரைவ் வரை போடலாம், ஒவ்வொன்றிலும் 32 ஜி.பி. வரை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் எத்தனை டெரா-பைட் இருந்தாலும் அது சீண்டாது. பையன் 2 டெரா-பைட் வாங்கியதே வீண் என்பது இதில் தெரிகிறது.

இன்னொரு விஷயம். ரெடிபூஸ்ட் பென்டிரைவில் வைப்பது நகல்தான். அசல் ஹார்டு டிஸ்கில் இருக்கும். பிடுங்கினாலும் நஷ்டம் இல்லை. நகலையும் பூட்டுப் போட்ட மாதிரி மறைகுறியாக்கித்தான் எழுதுகிறது. இவ்வளவு ஜாக்கிரதையாக ஒருத்தன் செய்து வைத்திருக்க, நம் பையன் அசலையே கொண்டுபோய் அதில் வைத்தான்!

நமது நிருபரும் அந்தக் கடையில் இருந்த ஒரு பழைய 2 ஜி.பி. லேப்-டாப்பில், நல்ல கம்பெனி பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். 2002-ல் வந்த 'வைஸ் சிட்டி' கேம் அதில் முன்பே நன்றாகத்தான் ஓடுகிறது. பென்டிரைவ் போட்ட பிறகும் அதே ஓட்டம். இரண்டாம் தடவை திறக்கும்போது கொஞ்சம் சீக்கிரம் வந்த மாதிரி இருந்தது. மாதிரிதான்.

எழுதினால் மாயம்!

மாணவன் வாங்கிய பென்டிரைவை அந்தக் கடைக்காரர் சோதித்தார். 'எச்2 டெஸ்ட்' என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. பென்டிரைவ் நிறைய எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். முழு இரவும் ஓடியது. காலையில் பார்த்தால், உள்ளே உண்மையான இடம் 16 ஜி.பி.கூட இல்லை!

இந்தக் கைவரிசை உலகம் முழுக்க நடக்கிறது. சின்னச் சிப்பைப் போட்டு, 'நான் 2 டெரா-பைட்' என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் உள் புரோகிராமை மாற்றிவிடுகிறார்கள். இடம் தீர்ந்த பிறகு எழுதுவது காற்றோடு போகும், அல்லது முன்பு எழுதியதன் தலையில் ஏறி உட்காரும். பெயர்ப் பட்டியல் மட்டும் அழகாகத் தெரியும். அதனால்தான் ஏமாந்தவனுக்கு உடனே தெரிவதில்லை.

"புதுசா பென்டிரைவ் வாங்கினா மொதல்ல சோதிச்சுப் பாருங்க. அதுக்கு முன்னால ஒண்ணையும் அழிக்காதீங்க. பழைய லேப்-டாப் ஓடணும்னா ஹார்டு டிஸ்கைக் கழத்திட்டு எஸ்.எஸ்.டி. போடணும், ரேம் ஒரு துண்டு சேர்க்கணும். எஸ்.எஸ்.டி. போட்டாச்சுன்னா ரெடிபூஸ்டே வேண்டாம்னு விண்டோஸே சொல்லிரும். ஆனா ஜி.டி.ஏ. 5 அதுலயும் ஓடாது தம்பின்னு சொல்லிட்டேன்" என்றார் அவர்.

அரை போட்டோ

பணத்துக்கு விற்பனை தளத்தில் புகார் செய்தார்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இப்படி ஏமாறுகிறவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். இணைய மோசடிப் புகாருக்கு 1930. நாகர்கோவிலில் சைபர் கிரைம் போலீஸ் நிலையமும் இருக்கிறது. "399 ரூவாய்க்கு கேஸா? பஸ் செலவே அதுக்கு மேல ஆவும்" என்று அம்மா போகவில்லை. மோசடி ஆசாமிகள் விலையை 399 என்று வைப்பதன் சூட்சுமமே அதுதானோ என்னவோ!

அழித்த போட்டோக்களை ஹார்டு டிஸ்கில் இருந்து மீட்க கடைக்காரர் 2 நாள் முயன்றார். அழித்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். அங்கேதான் 65 ஜி.பி. கேம் ஏறி உட்கார்ந்துவிட்டதே!

தப்பியவை சில. அதில் ஒன்று அக்கா கல்யாணத்தில் எடுத்தது. மேல் பாதியில் பந்தலும், அப்பாவின் முகமும் தெளிவாக இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அந்த அரை போட்டோவைத்தான் ராஜாக்கமங்கலம் வீட்டில் பிரேம் போட்டு மாட்டி இருக்கிறார்கள்.