கயிறு அறுந்தால் எது பிடிக்கும்?

2019 ஜூனில், பூந்தமல்லியைத் தாண்டிப் பழஞ்சூரில் இருக்கும் குயின்ஸ்லேண்ட் பூங்காவில், உயரத்திலிருந்து இறங்கும் ரைடு ஒன்றின் இரும்புக் கயிறு அறுந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்த தட்டு தரையில் வந்து மோதியது. நல்லவேளை, அப்போது அது அதிக உயரத்தில் இல்லை, யாரும் சாகவில்லை. அந்த விபத்தின் வீடியோவைப் பார்த்தவர்கள் கயிறு எப்படி அறுந்தது என்றுதான் கேட்டார்கள். கயிறு என்றால் என்றாவது அறும். அறுந்த பிறகு பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

அதற்கு 1854-லேயே ஒருவர் பதில் காட்டிவிட்டார். நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் லிஃப்ட் மேடையில் ஏறி நின்றுகொண்டு, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுப்பு, ஒரு ஸ்பிரிங்கை வளைத்து வைத்திருந்தது. கயிறு போனதும் ஸ்பிரிங் நிமிர்ந்து, இருபக்கமும் இருந்த பற்களில் மாட்டிக்கொண்டது. பிடிப்பது பிரேக்கின் இயல்பாக இருக்க வேண்டும். விடுவிக்கத்தான் விசை தேவைப்பட வேண்டும்.

பிரேக்ஸ் இந்தியாவும் ரானேயின் பிரேக் லைனிங் ஆலையும் இருக்கிற பாடி, அம்பத்தூர்ப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் லாரியில் ஏர் ஏறும்வரை டிரைவர் காத்திருப்பார். நிறுத்திய லாரியின் பின்சக்கரங்களை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும். காற்றழுத்தம்தான் அதை விடுவிக்கும். ஏர் முழுக்க இறங்கிவிட்டால் வண்டி நகராது. பல ரோலர் கோஸ்டர்களின் பிரேக்கும் இந்த வகைதான்.

ஆபரேட்டர் மேசையில் மஞ்சள் வட்டத்தின் மேல் இருக்கும் சிவப்புப் பட்டனும் அப்படியே. அழுத்தினால் அது கரன்ட்டை அனுப்புவதில்லை, துண்டிக்கிறது. எலி ஒயரைக் கடித்துத் துண்டித்தாலும் பட்டனை அழுத்தியதற்குச் சமம்.

ஆனால் பட்டனை அழுத்தியதும் எல்லாம் அங்கேயே நின்றுவிடாது. கோஸ்டர் வண்டி உச்சியைத் தாண்டியபின் மோட்டாரே கிடையாது. அடுத்த பிரேக் பகுதி வரும்வரை அதை நிறுத்த முடியாது. சட்டென நிறுத்துவதும் ஆபத்து. 20 மீட்டர் தடையின்றி விழுந்தால் வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். அதை 10 மீட்டரில் அடக்கினால் புவியீர்ப்பைப் போல் இரண்டு மடங்கு வேகக்குறைப்பு. ஒரே மீட்டரில் என்றால் 20 மடங்கு. பிரேக்கே ஆளைக் காயப்படுத்திவிடும்.

கோபுரத்திலிருந்து விழும் ரைடுகளுக்கு என் ஓட்டு காந்தத்துக்கு. நிலைக்காந்த வரிசைகளுக்கு நடுவே செம்பு அல்லது அலுமினியத் தகடு பாயும்போது, தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்த வேகத்தையே எதிர்க்கும். பிளஸ் டூவில் படித்த லென்ஸ் விதிதான். கரன்ட் வேண்டாம், ஆபரேட்டர் விழித்திருக்கவும் வேண்டாம். மழையில் நனைந்தாலும் பிடி குறையாது. ஏசி மெக்கானிக்கிடம் ஒரு முழம் செம்புக் குழாய் வாங்கி, சின்ன நியோடிமியம் காந்தத்தை உள்ளே போட்டுப் பாருங்கள். அவசரமே இல்லாமல் இறங்கும். குறை ஒன்று உண்டு. வேகம் தணியத் தணியப் பிடியும் தணியும், ஆகவே முழுதாக நிறுத்தக் கடைசியில் வேறொரு தாங்கி வேண்டும்.

நின்றால் மட்டும் போதுமா? 2025 மே 27 அன்று ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ஒரு ராட்சத ரைடு அந்தரத்தில் நின்றுவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் மேலேயே தவித்தார்கள். தீயணைப்புத் துறை ஸ்கைலிஃப்ட் கொண்டுவந்து இறக்கியது. மோட்டார் செத்தாலும் கையால் பிரேக்கைத் தளர்த்தி மெல்ல இறக்கும் வழி ஒவ்வொரு உயரமான ரைடிலும் இருக்க வேண்டும். அதை ஊழியர்கள் மாதாமாதம் செய்து பழகவும் வேண்டும்.

ரைடு நடுவில் நின்றால், பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே பொருள். ஆள் வந்து இறக்கும்வரை தடுப்புக் கம்பியைக் கழற்றாதீர்கள்.