நிமோனியா ஊசியும் மெடிக்கல் கடை ஃபிரிட்ஜும்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் சிலர் இங்கே மெடிக்கல் கடையில் கேட்கிறார்கள்: “அங்கெல்லாம் மருந்துக் கடையிலேயே நிமோனியா ஊசி போட்டு அனுப்பிடுறாங்க, நீங்க போட மாட்டீங்களா தம்பி?” கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மருந்தாளுநர் தடுப்பூசி போடச் சட்டம் இடம் தருகிறது. அதற்கென்று பயிற்சி, சான்றிதழ், திடீரென ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து எல்லாம் அங்கே தயாராக இருக்கும். நம் ஊரில் மருந்தாளுநரின் வேலை டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்குவதும். கடைக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டு ஊசி போட அவருக்கு அதிகாரம் கிடையாது. “இருபது வருஷமா இவர்தான் போடுறார், ராசியான கை” என்பவர்களுக்கும் இதே பதில்தான். கை எவ்வளவு ராசியானாலும், ஊசி போட்ட பத்தாவது நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரிந்தால் அங்கே சமாளிக்க ஆள் இல்லை.

ஆனால் ஊசி கைக்கு வருவதற்கு முன்னால் நடக்க வேண்டிய பாதி வேலை அவருடையதுதான். அதை நாம் கேட்டு வாங்குவதில்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கும். சின்னக் குழந்தைகளிடம் அதிகம். உடம்பு தளர்ந்த நேரத்தில் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. ரத்தத்தில் கலந்தாலோ, மூளை உறையைத் தாக்கினாலோ உயிருக்கே ஆபத்து. வயதானவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பதும் சிரமம். காய்ச்சல் அடிக்காமலே போகலாம், இருமல் பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். நேற்று வரை தானே காபி போட்டுக் குடித்த அப்பா இன்று சாப்பாடு வேண்டாம் என்கிறார், கிழமையை மாற்றிச் சொல்கிறார், பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறார், மேல்மூச்சு வாங்குகிறது. வீட்டில் “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளில் நோய் முற்றிவிடும். இப்படித் திடீரெனக் குழம்பினால், மூச்சு வாங்கினால் 108தான். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்கிற நேரம் அது இல்லை.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு அந்த வயதுக்கு முன்பே ஆபத்து உண்டு. அமெரிக்கா 2024 அக்டோபரில் இந்த ஊசிக்கான பொது வயதை 65இலிருந்து 50 ஆகக் குறைத்தது. இந்தியாவில் அரசின் இலவசத் திட்டம் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆனால் அது குழந்தைகளுக்கானது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். பேரனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதைத் தாத்தா சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

டாக்டரைப் பெரியவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். மெடிக்கல் கடைக்கு மாதந்தோறும் போவார்கள். யார் இன்சுலின் வாங்குகிறார், யாருக்கு இன்ஹேலர், யார் நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்பது கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியும். “ஐயா, நிமோனியா ஊசி போட்டிருக்கீங்களா? அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேளுங்க” என்று சொல்ல அவருக்குப் பத்து விநாடி போதும். மருந்து பற்றி நோயாளிக்கு விளக்கம் சொல்வது அவர் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகளே சொல்கின்றன. பல கடைகளில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருவருடையது, சீட்டை வாங்கிப் பார்ப்பவர் வேறொருவர் என்பதுதான் வேதனை. “மருந்தாளுநர் இருக்காரா? அவர்கிட்ட பேசணும்” என்று தயங்காமல் கேளுங்கள். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

அவரிடம் கேட்டுத் தெளிய வேண்டியது, எந்த ஊசி என்பது. பெட்டியில் 13, 20, 23 என்று எண் போட்டிருக்கும். அந்தத் தடுப்பூசி எத்தனை வகை நிமோகாக்கஸுக்கு எதிரானது என்பதன் கணக்கு அது. எண் பெரியதாக இருந்தால் நல்லது என்று பொருள் இல்லை. 23 வேறு முறையில் தயாராவது, அதன் பாதுகாப்பு நாளடைவில் குறையும். பொதுவாக 13 போட்டவர்களுக்கு ஓராண்டு கழித்து 23 போடச் சொல்வார்கள். நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு 8 வாரத்திலேயே. 20 போட்டவர்களுக்கு அந்த ஒன்றே போதும். முதலில் 23 போட்டுக்கொண்டிருந்தால் மற்றதற்கு ஓராண்டு பொறுக்க வேண்டும். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.

“இதைப் போட்டால் நிமோனியாவே வராது” என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 84,500 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்தார்கள். 2015இல் வெளியான அந்த முடிவின்படி, ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா சுமார் 46 சதவீதம் குறைந்தது. அதே வகைகள் ரத்தம் போன்ற இடங்களில் பரவும் கடுமையான நோய் 75 சதவீதம் குறைந்தது. மற்றக் கிருமிகளால் வரும் நிமோனியாவை இது தடுக்காது.

இனி ஃபிரிட்ஜ். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடுபட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. கடை ஃபிரிட்ஜின் பின்சுவரில் பனி படர்ந்து, அதில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஊசி வேண்டாம். உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா, தினமும் வெப்பநிலையைக் குறித்து வைக்கிறார்களா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டில், பால் பாக்கெட், நேற்றைய சாம்பார் டப்பாவோடு தடுப்பூசி இருந்தால் கேள்வியே வேண்டாம், அடுத்த கடைக்குப் போய்விடலாம். தடுப்பூசி விற்கும் கடையிடம் படிவம் 21 உரிமம் இருக்க வேண்டும். அதைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

முடிந்தால் ஊசி போடும் கிளினிக்கிலேயே மருந்தையும் வாங்குங்கள். வெளியில் வாங்குவதென்றால் கிளினிக்குக்குக் கிளம்பும்போது வாங்குவது நல்லது. முதல் நாளே வாங்கி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் வைக்க வேண்டாம். பாலித்தீன் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துக் கட்டித் தருவது வழக்கமாகிவிட்டது. ஐஸ் பெட்டியில் நேரடியாகப் படக் கூடாது. நடுவில் துணியோ அட்டையோ இருக்கட்டும். 13 வகை ஊசியைக் குலுக்கினால் பால்போல ஒரே சீராக வெள்ளையாக வர வேண்டும். திரி திரியாக நின்றால் போடக் கூடாது.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பெட்டியின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பில்லோடு ஒப்பிடுங்கள். வெளியே போய்விட்டால் மருந்தைக் குளிர்ச்சியில் வைத்தீர்களா என்று கடைக்காரருக்குத் தெரியாது. திரும்ப வாங்க மறுப்பதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தந்தால் வாங்க மறுப்பதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகம் என்கிறது. பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் மருந்து விலை ஆணையத்தின் 1800 111 255 எண்ணில் சொல்லலாம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். கை வலி, அசதி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். முகம் வீங்குவது, மூச்சு அடைப்பது, உடம்பெல்லாம் தடிப்பு என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தடுப்பூசியின் பக்கவிளைவை நோயாளியே 1800 180 3024 எண்ணில் பதிவு செய்யலாம். எந்தத் தேதி, எந்த ஊசி, எந்த பேட்ச் என்பதை டாக்டரின் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அட்டை இருக்கிறது, தாத்தாவுக்கு இல்லை. அடுத்த டாக்டர் கேட்கும்போது “ஏதோ ஒண்ணு போட்டாங்க” என்றால் எல்லாம் முதலிலிருந்து.

மருந்தின் மேலேயே சந்தேகம் என்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிரிக்காத பெட்டியும் பில்லும் கையில் இருக்க வேண்டும். இழப்பீடு கேட்பதென்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.