முள்ளெலிக்கு முதல் தேவை சாப்பாடு அல்ல

திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் மணப்பாறை பக்கம் போனால் நிலத்தின் நிறமே மாறிவிடும். ஸ்ரீரங்கத்தைச் சுற்றியுள்ள வாழைத் தோட்டமும் நெல் வயலும் மறைந்து, செம்மண் மேடு, கள்ளி, வேலிக்காத்தான், ஆடு மேயும் தரிசு என்று வானம் பார்த்த பூமி தொடங்கும். மெட்ராஸ் முள்ளெலி இந்த மாதிரி வறண்ட புதர்நிலத்தைச் சேர்ந்த உயிர். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. 1851இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு இதைத் தனி இனமாக விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அறிவியல் உலகம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரவில் மட்டும் நடமாடும், கையில் அடங்கிவிடும், பயிரைத் தொடாது, யாரையும் கடிக்க வராது. கவனிக்கப்படாமல் போனதற்கு இவையே போதுமான காரணங்கள்.

இதை முள்ளம்பன்றிக் குட்டி என்று நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். இரண்டுக்கும் முள் இருப்பதைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. முள்ளம்பன்றி கொறித்துண்ணி, கிழங்கையும் மரப்பட்டையையும் தின்பது. முள்ளெலி பூச்சி தின்னும் பிராணி. வீட்டு மூலையில் ஓடும் மூஞ்சூறுதான் அதற்குக் கொஞ்சமாவது சொந்தம். வண்டு, கரையான், வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, தேள், கிடைத்தால் சிறு தவளை, தரையில் இட்ட முட்டை என்று அதன் சாப்பாடு போகிறது. அடிபட்டுக் கிடப்பதைத் தூக்கி வந்தவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கேரட்டும் அரிசியும் வைத்துவிட்டு, ‘சாப்பிடவே மாட்டேங்குது’ என்று கவலைப்படுவதில் பயனில்லை.

எப்படி அடிபடுகிறது? தற்காப்புதான் சாலையில் அதற்கு எமனாகிறது. ஆபத்து என்றதும் ஓடுவதில்லை, நின்ற இடத்திலேயே சுருண்டுகொள்கிறது. முள்தோலின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடும் ஒரு தசை இறுகும்போது, பாட்டியின் சுருக்குப்பை மாதிரி தலையும் காலும் உள்ளே போய் வாய் மூடிக்கொள்கிறது. கீரிக்கும் நரிக்கும் எதிராக இது நல்ல கவசம். லாரிச் சக்கரத்துக்கு முன்னால் எடுபடுமா? தெருநாய்கள் உருண்டையை விடாமல் உருட்டிப் பார்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைக் கடிக்கின்றன. புதர் அழிக்க வரும் பொக்லைனும், தரைமட்டத்தில் வாய் திறந்து கிடக்கும் பாழுங்கிணறும், தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய நைலான் வலையும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இவற்றோடு மனிதரின் நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. முள்ளைச் சுட்டுப் பொடியாக்கிக் கொடுத்தால் கக்குவான் இருமல் தீரும் என்ற பழக்கத்தைத் தமிழ்நாட்டில் இந்த விலங்கை ஆய்வு செய்துவரும் பிராவின் குமார் பதிவு செய்திருக்கிறார். அந்த முள் வெறும் கெரட்டின், அதாவது நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே புரதம். அதில் மருந்து எதுவும் இல்லை.

பட்டப்பகலில் ஒரு முள்ளெலி தள்ளாடி நடந்தாலோ, வெயிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாலோ அதுவே நோயின் அறிகுறி. இராப்பிராணி பகலில் வெளியே வருவது உடம்பு முடியாமல் போனால்தான். கெட்டியான துண்டைப் போட்டு மூடி, அப்படியே அள்ளி, உயரமான அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். கையுறை அவசியம். முள் குத்தும் என்பதற்காக மட்டும் அல்ல, முள்ளெலிகளிடமிருந்து படர்தாமரையும் சால்மொனெல்லா கிருமியும் மனிதருக்குத் தொற்றக்கூடும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான உயிர்கள் போகின்றன. கொண்டுவந்தவர் நல்ல மனசோடு ஒரு கிண்ணம் பால் வைக்கிறார். பாவம், அதுவும் பசியில் குடித்துவிடுகிறது. வளர்ந்த முள்ளெலியின் குடலுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் திறன் இல்லை. சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு. ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து மிச்ச நீரும் வெளியேறுகிறது. இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து முள்ளெலிக்குப் பாலும் ரொட்டியும் வைத்துவந்தார்கள். 1978இல் லெஸ் ஸ்டாக்கர் தொடங்கிய டிக்கிவிங்கிள்ஸ் வனவிலங்கு மருத்துவமனையும், 1982இல் உருவான பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கமும் அந்தப் பழக்கத்தை மாற்றப் பல வருடம் பாடுபட்டன. முள்ளெலிச் சிகிச்சையில் இன்று உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நாட்டு அனுபவத்திலிருந்து வந்தது.

அந்த அனுபவம் வகுத்துத் தந்த வரிசை முதலில் சூடு, அடுத்து நீர், அதற்கப்புறம்தான் சாப்பாடு.

நாற்பது டிகிரி வெயில் அடிக்கும் திருச்சியில் ஒரு பிராணிக்குக் குளிரெடுக்குமா என்று தோன்றலாம். எடுக்கும். ரத்தம் போன, பட்டினி கிடந்த சின்ன உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. வெறுந்தரையில், மின்விசிறிக்குக் கீழே வைத்தால் இன்னும் மோசம். முடி அதிகமில்லாத வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: சில்லென்று இருந்தால் அவசர நிலை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகவே வாய்ப்பு அதிகம்.

உடம்பு சூடானதும் நீர். முதுகின் முள்தோலை மெதுவாகத் தூக்கிவிட்டால் உடனே பழைய நிலைக்கு இறங்க வேண்டும். கூடாரமாக அப்படியே நின்றால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். கால்நடை மருத்துவர்கள் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். சுருண்ட உருண்டையில் காயம் எங்கே என்று எப்படித் தேடுவது? வற்புறுத்திப் பிரித்தால் தசை கிழியும். எனவே லேசாக மயக்கவாயு கொடுத்துத்தான் பார்ப்பது வழக்கம். முள்ளுக்கடியில் மறைந்திருக்கும் நாய்க்கடித் துளையும், ஈ இட்டுவைத்த முட்டைத் திட்டும் அப்போதுதான் கண்ணில் படும். வெயில் காலத்தில் அந்த முட்டைகள் ஒரே நாளில் புழுவாகிவிடும். காது, கண்ணோரம், ஆசனவாய், அக்குள் என்று ஒரு மடிப்பு விடாமல் சிறு இடுக்கியால் எடுத்தாக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் அரைகுறையாக விட்டால் மற்றச் சிகிச்சை அத்தனையும் வீண்.

எலும்பும் தோலுமாக வந்த பிராணிக்கு வயிறு முட்டக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைத்துவருகிறது. அதில் திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்ததும் இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், நல்ல சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனது இதனால்தான். ஆகவே முதல் நாட்களில் சிறுகச் சிறுக, பலமுறை, புரதமும் கொழுப்பும் உள்ள கூழான உணவு. இறைச்சி அடிப்படையிலான நாய், பூனை உணவைக் குழைத்துத் தரலாம். உப்பில்லாமல் வேகவைத்து மசித்த கோழிக்கறியோ முட்டையோ தரலாம். ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயோரம் காட்டினால், மூக்கு முதலில் துடிக்கும். அப்புறம் சுருண்ட விளிம்பு ஒரு விரற்கடை திறந்து, நாக்கு வெளியே வந்து நக்கத் தொடங்கும். தானாக நக்குகிற வேகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ரொட்டி, பிஸ்கட், தயிர்சாதம், வேர்க்கடலை எதுவும் ஆகாது.

தேறத் தொடங்கியதும் பூச்சிகள். பறவை வளர்ப்போர் கடைகளில் விற்கும் மீல்வார்ம் புழுவை முள்ளெலி ஆசையாகத் தின்னும். ஆசையாகத் தின்கிறதே என்று அதையே கொடுத்துவந்தால் ஆபத்து. அந்தப் புழுவில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், எலும்பு மெலிந்து முறியும். கரையான், வெட்டுக்கிளி, வண்டு என்று கலந்து கொடுப்பது நல்லது, பூச்சிமருந்து அடிக்காத நிலத்திலிருந்து பிடித்ததாக இருந்தால். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வர வேண்டும். எச்சமும் நிறையச் சொல்லும். கறுத்து, இறுகி, வண்டுச் சிறகின் துணுக்குகள் மின்னினால் குடல் சரியாகிவிட்டது. பச்சையாக, வழவழப்பாக இருந்தால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலங்கை வீட்டில் வைத்துக்கொள்ள இடம் தரவில்லை. அதனால் மேலே சொன்னதில் சூடும் இருட்டும் அமைதியும் மட்டுமே மீட்டவரின் பங்கு. உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வழியாகக் கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது திருச்சிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை. தமிழ்நாடு அரசு 2025இல் அருகிவரும் உயிரினங்களுக்காக ஒதுக்கிய ஒரு கோடி ரூபாயில் சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் மீன் ஆகியவற்றோடு மெட்ராஸ் முள்ளெலிக்கும் இடம் கிடைத்தது. யானைக்கும் புலிக்கும் மட்டுமே பணம் என்றிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தேறிய முள்ளெலியை எங்கே விடுவது? ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, பச்சைப்பசேல் என்று இருக்கிறது, அங்கே விட்டால் சுகமாக இருக்குமே என்று தோன்றும். அது தவறு. தரிசில் பிறந்த பிராணிக்கு ஆற்றிடைத் தீவின் ஈரமண் அந்நியம். எடுத்த இடத்துக்கே, அல்லது வண்டி ஓட்டமில்லாத அதன் பக்கத்துப் புதருக்கே கொண்டுபோக வேண்டும். மண்ணைத் தோண்ட முன்கால்கள் இரண்டும் உழைக்க வேண்டும், இடைவெளி இல்லாத உருண்டையாகச் சுருள வேண்டும், தானாக இரை பிடிக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், அந்தி சாயும் நேரம் உகந்தது. ஐப்பசி மழை பெய்து ஈசல் கிளம்பும் நாட்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் சில இரவுகள் இரைக்கு அலைய வேண்டியிருக்காது. பக்கத்துக் காட்டில் அந்த வாரம் மருந்து அடித்திருந்தால் மட்டும், விடுவதைத் தள்ளிப்போட்டுவிட வேண்டும்.