அரியலூர்க் கல்லும் ஆல்வரெஸ் கண்ட அதிசயமும்: இதெல்லாம் தெரியுமா?

அரியலூரில் சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் கடலடியில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் நிறைந்திருப்பது தெரியுமா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அதன் வயது பல கோடி ஆண்டு! 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன்.

இன்னும் பெரிய வியப்பு இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டு மணற்பாறை, டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முன்பு படிந்தது. அதற்கு மேலே வரும் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல், அவை அழிந்த பிறகு படிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவின் இரு கரையும் ஒரே மாவட்டத்தில்!

அந்த அழிவுக்கு விண்கல் காரணம் என்று கண்டறிந்தவர் எலும்பு தோண்டுகிறவர் அல்லர், 1968இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வரெஸ். அதிலும் அவர் விண்கல்லைத் தேடவே இல்லை! மகன் வால்டர் ஒரு புவியியலாளர். இத்தாலியின் குப்பியோ ஊரில், டைனோசர் காலம் முடியும் இடத்தில் மெல்லிய களிமண் படலம் ஒன்றைப் பார்த்தார். அது படிய எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் அப்பாவும் பிள்ளையும் கேட்ட கேள்வி. விண்ணிலிருந்து சீராக விழும் தூசியில் இரிடியம் உண்டு, பூமியின் மேலோட்டிலோ அது மிக அரிது. ஆகவே இரிடியத்தை அளந்தால் காலம் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அளந்தால், வழக்கத்தைப்போல் சுமார் 30 மடங்கு! கருவிப் பிழை என்று தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் போடவில்லை. அவ்வளவு இரிடியமும் ஒரு பெரிய விண்கல்லில்தான் வந்திருக்க வேண்டும் என்று 1980இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்த விண்கல் விழுந்த பள்ளம்? அதுவும் தற்செயல்தான். 1978இல் மெக்சிகோவில் எண்ணெய் தேடிய க்ளென் பென்ஃபீல்ட், காந்தப்புல அளவீட்டில் ஒரு பெரிய வளைவைக் கண்டார். அது விண்கல் விழுந்த பள்ளம் என்று 1981இல் அறிவித்தும் பத்தாண்டு வரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சரி, 6.6 கோடி என்று எண்ணிச் சொல்ல முடிவது எப்படி? 1896இல் பாரிசில் மேகமூட்டம். வெயிலில் வைத்துச் சோதிக்க முடியாததால் இயற்பியலாளர் ஹென்றி பெக்கரெல் யுரேனிய உப்பை ஒளிப்படத் தகட்டோடு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். சில நாள் கழித்துத் தகட்டைக் கழுவினால், இருட்டிலேயே கறுத்திருந்தது! கதிரியக்கம் அப்படித்தான் பிடிபட்டது. பாறையின் வயதை அளக்கும் முறையும் அதிலிருந்தே பிறந்தது. அரியலூர்ப் பாறைகளை 1860ஐ ஒட்டி அலசிய புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டுக்கு எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியும். எத்தனை கோடி ஆண்டு என்று தெரிய வழியே இல்லை.

கல்லமேட்டுக்கே மறுபடி வருவோம். அங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். கல்லான மரமாக இருக்குமோ என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. எலும்புகளோ பொடிந்து போய்விட்டன, இது ஆறாத இழப்பு. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளியாயின. அடுத்த ஆண்டே எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அது சரியானால், நீலத் திமிங்கிலத்துக்கு இணையான தரைவிலங்கு நம் அரியலூரில் நடந்திருக்கிறது!

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டைக் கற்கள் கிளம்ப, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. அவை கடல் படிவுகள் என்றார்கள் வல்லுநர்கள். அதனால் அந்தக் கற்களின் மதிப்புக் குறையவில்லை. குன்னத்தில் கடல் இருந்ததற்கு அவைதானே சாட்சி!

பெரம்பலூர், அரியலூர் மக்களே, கிணறு வெட்டும்போதோ ஏரி தூர்வாரும்போதோ விநோதமான கல் தட்டுப்பட்டால் உடைக்காதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.