உடன் செல்வோர் பலர், துடிப்பு உங்களுடையது

ஞாயிறு விடியலில், ஈஜிபுராவின் சாலைகளை வாகனங்கள் நிறைக்கும் முன்பே மிதிவண்டிக் குழுக்கள் புறப்பட்டுவிடுகின்றன. பலரது இலக்கு, நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தி மலை. 25 வயது இளைஞரும் 55 வயது மூத்தவரும் ஒரே வரிசையில் செல்லும் பயணம் இது. இளையவரின் வேகத்தை மூத்தவர் தம் வேகமாகக் கொள்ளும்போதுதான் இடர் தொடங்குகிறது. அதனை முன்கூட்டியே உணர்த்த உதவுவது இதயத்துடிப்பு அளவி.

அதிகபட்சத் துடிப்பைத் தோராயமாக அறிய ஒரு வழி உண்டு: வயதை 0.7ஆல் பெருக்கி, 208இலிருந்து கழிக்க வேண்டும். 25 வயதினருக்கு இது சுமார் 190. 55 வயதினருக்கு 170. நிமிடத்திற்கு 140 துடிப்பு என்பது முன்னவருக்கு உச்சத்தில் 74 விழுக்காடு. பின்னவருக்கு 82 விழுக்காடு. இருவர் திரையிலும் ஒரே எண். ஆனால் உழைப்பு வேறு. இக்கணக்கும் ஆளுக்கு ஆள் 10 துடிப்புக்கு மேலும் மாறுபடலாம். இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்போருக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடமே எல்லையைக் கேட்டறிதல் வேண்டும்.

திரையில் தெரிவது நம் துடிப்புதானா என்பதும் முக்கியம். குறியீடற்ற பழைய மார்புப் பட்டைகளில், அருகில் வருபவரின் துடிப்பு நம் கருவியில் பதிவாவதுண்டு. இன்றைய புளூடூத் பட்டைகளுக்குத் தனி அடையாளம் உண்டு. எனினும் குழுவில் சேருமுன் வீட்டிலேயே இணைத்துக்கொள்வது நன்று. மணிக்கட்டுக் கருவிகள் ஒளியால் அளப்பவை. கைப்பிடியின் அதிர்வில் அவை பிழைபடக்கூடும். மார்புப் பட்டை இதயத்தின் மின்சைகையையே உணர்வதால் அதிக நம்பகமானது.

சமவெளியில் முன்செல்பவரின் பின்னே, பாதுகாப்பான இடைவெளியில் சென்றால் காற்றின் எதிர்ப்பு குறையும், துடிப்பும் தணியும். மலையேற்றத்தில் வேகம் குறைவதால் அந்த உதவி பெரிதும் கிட்டாது. அங்கே அவரவர் அளவில் ஏறி, உச்சியில் கூடுவதே முறை. வெயில் ஏறி, உடலில் நீர் குறைந்தால், அதே வேகத்திலும் துடிப்பு உயரும். நீர் அருந்தி வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றினால் எண் எதுவாயினும் உடனே நிறுத்தி, மருத்துவ உதவி நாடுங்கள்.

அடுத்தவர் கணக்கின் இருப்பைப் பார்த்து நாம் காசோலை எழுதுவதில்லை. உடலின் வரவுசெலவுக்கும் அதுவே விதி.