விலைச்சீட்டில் இல்லாத கீல்

லேப்டாப் கடையில் ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் ஒரு சீட்டு நிற்கும். எந்தப் பிராசஸர், ரேம் எத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, திரை எத்தனை அங்குலம். ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய் வரையிலான நடுவிலைக் கருவிகளுக்கு இந்தச் சீட்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டுக்கு விலையில் எட்டாயிரம், பத்தாயிரம் வித்தியாசம் இருக்கும். ஏன் என்று கேட்டால் விற்பனையாளர் “பில்டு குவாலிட்டி சார்” என்பார். மூடியை விரலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டுவார். விளக்கம் அவ்வளவுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழுது பார்க்கும் மேசைகளை எட்டிப் பார்த்தால் வேறு சீட்டு கிடைக்கும். ஹிஞ்ச் உடைந்தது, சார்ஜர் முனை ஆடிப்போனது, நாலைந்து விசைகள் செத்தது, சூடாகித் தானாக நின்றுபோவது, பேட்டரி உப்பிக் கீழ்மூடியைத் தூக்கியது. பிராசஸர் கெட்டது என்று வருவது அபூர்வம். எட்டாயிரம் ரூபாய் உண்மையில் எங்கே போகிறது, போகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டாவது சீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஹிஞ்ச் எனப்படும் கீல். திரையைத் திறந்துவிட்டுக் கையை எடுத்தால், விட்ட கோணத்தில் அப்படியே நிற்கிறது. கொக்கி இல்லை, பூட்டு இல்லை. உள்ளே ஓர் எஃகுத் தண்டு. அதன்மேல் இறுக்கி அடுக்கிய மெல்லிய எஃகு வளையங்கள், அல்லது தண்டைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் ஒரு வில்தகடு. இடையில் கொஞ்சம் கிரீஸ். முழுக்க உராய்வின் வேலை. திரையின் எடை இழுப்பதைவிட உராய்வு கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் கை தூக்கும்போது முரண்டு பிடிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகலானது. ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடிய பிறகும் உராய்வு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

எஃகுக் கீல் லேசில் உடையாது. அது பதிந்திருக்கும் இடம்தான் உடைகிறது. 15.6 அங்குலக் கருவியில் மூடியின் உயரம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். கீலின் அடித்தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளோ 2 சென்டிமீட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும். நெம்புகோல் கணக்குப்படி, மேல் விளிம்பில் விரல் கொடுக்கும் விசை திருகுகளில் 11 மடங்காகும். அரைக் கிலோ அழுத்தினால் அங்கே ஐந்தரைக் கிலோ இழுப்பு. நடுவில் பிடித்துத் திறந்தால் இரண்டு கீல்களும் பங்கு போட்டுக்கொள்ளும். நம்மில் பலர் செய்வதுபோல ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அந்தப் பக்கத்துக் கீல்தான் பெரும்பங்கைச் சுமக்கும்.

அந்தத் திருகு எதில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த உடல்களில், பிளாஸ்டிக்கில் வார்த்த சின்னத் தூண் ஒன்று இருக்கும். அதற்குள் சொரசொரப்பான பித்தளை நட்டு ஒன்றைச் சூடாக்கி அழுத்திப் புதைத்திருப்பார்கள். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பருமன். ஐந்தரைக் கிலோவும் அந்தப் பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான பிடிப்பில் வந்து விழுகிறது. பிளாஸ்டிக்கில் விசை நின்றுகொண்டே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நகர்ந்து கொடுக்கும்; சூடு இருந்தால் இன்னும் சீக்கிரம். பல மாடல்களில் சூடான காற்று வெளியேறும் வாய் கீலுக்கு ஒட்டினாற்போலவே இருக்கிறது. வருடங்கள் போகப் போகக் கிரீஸ் காய்கிறது, உராய்வு ஏறுகிறது, திறக்கக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. ஒருநாள் ‘பட்’டென்று சத்தம். பித்தளை நட்டு தூணோடு பிய்ந்து வந்துவிடும். அடுத்த முறை மூடும்போது அதே கீல் மேல்தகட்டைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கும். பழுது பார்ப்பவர் எபாக்ஸி பசை வைத்து ஒட்டித் தருவார், இல்லையென்றால் துளை போட்டு வெளியிலிருந்தே நட்டு முடுக்கித் தருவார். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் நிற்கும்.

கீலை உலோகச் சட்டத்தில் திருகியிருந்தால் இந்தக் கதையின் பெரும்பகுதி நடக்காது. அந்தச் சட்டம் மொத்த விலையில் பெரிய தொகையும் அல்ல. ஆனால் லட்சக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் சில ரூபாய் பெரிய பணம். சீட்டில் அச்சாகாத பாகம் என்பதால் கத்தி முதலில் அதன்மேல்தான் விழுகிறது.

லேப்டாப் உடலின் நான்கு முகங்களைத் தொழிலில் ஏ, பி, சி, டி என்பார்கள். மூடியின் வெளிப்பக்கம் ஏ, திரையைச் சுற்றிய சட்டம் பி, விசைகள் இருக்கும் தளம் சி, அடிப்பக்கம் டி. நடுவிலைக் கருவியில் ‘மெட்டல் பாடி’ என்றால் பல சமயம் ஏ மட்டும்தான் அலுமினியம். கடையில் தட்டிக் காட்டுவதும் அதைத்தான். கீலின் கீழ்த்திருகுகள் இறங்கியிருக்கும் சி, பழைய பிளாஸ்டிக்கே.

அந்தத் தட்டுப் பரிசோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் பருமனின் மும்மடியைப் பொறுத்தது. அதாவது பருமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அலுமினியம், லேப்டாப் உடலுக்கு வழக்கமான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைவிட ஏறக்குறைய 30 மடங்கு விறைப்பான பொருள். ஆனால் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டுக்கு ஈடுகொடுக்க 30 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தேவையில்லை. 3 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் இருந்தால் போதும். 3 மில்லிமீட்டர் கூட வேண்டாம்: மெல்லிய தகட்டின் உட்புறம் வரிவரியாக விலா எலும்பு வார்த்துவிட்டால், பனையோலை விசிறிக்கு மடிப்பு தரும் விறைப்பு அதற்கும் வந்துவிடும். நன்றாக யோசித்து வார்த்த பிளாஸ்டிக் உடல், சிக்கனமாக அடித்த அலுமினியத்தைவிடத் திடமாக நிற்பது இதனால்தான்.

மெக்னீசியக் கலப்புலோகம் இன்னும் வேடிக்கை. அலுமினியத்தைவிட விறைப்பு குறைந்த பொருள். ஆனால் அடர்த்தி அதைவிட வெகுவாகக் குறைவு. அதனால் தகட்டைக் கொஞ்சம் தடித்துப் போடலாம். அதே விறைப்புக்கு அலுமினியத்தின் முக்கால் பங்கு எடையே ஆகும். ஐ.பி.எம். 1992இல் தொடங்கி, 2005இல் லெனோவோ கைக்குப் போன திங்க்பேட் வரிசையில் பல மாடல்களின் பலம் இந்த மெக்னீசியத்தில் இருக்கிறது. அது எளிதில் அரிக்கும் உலோகம் என்பதால் மேலே வண்ணப்பூச்சு போட்டிருப்பார்கள். தொட்டால் பிளாஸ்டிக் போலவே இருக்கும். கடையில் தட்டிப் பார்த்துவிட்டு ‘இது வெறும் பிளாஸ்டிக்’ என்று தள்ளிவைக்கிறவர்கள் உண்டு!

அலுமினியத்துக்கே கூட இரண்டு சாதிகள். தகட்டை அச்சில் அழுத்தி வளைத்தெடுப்பது ஒன்று. முழுக் கட்டியை எந்திரத்தில் வைத்துக் குடைந்தெடுப்பது இன்னொன்று. 2008இல் ஆப்பிள் மேக்புக்குகளில் புகழ்பெற்றது இரண்டாவது வகை. திருகு இறங்கும் தூண்கூட அதே உலோகத்திலேயே விட்டுவைத்தது என்பதால் பிய்ந்து வர எதுவும் இல்லை. ஆனால் எந்திர நேரம் ஏராளம். பிளாஸ்டிக் அச்சு ஒரு நிமிடத்துக்குள் ஓர் உடலைத் துப்பிவிடும். விலை வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் இந்த நேரம்தான். அதற்காக விலை கூடினால் எல்லாம் நிலைக்கும் என்றும் எண்ண வேண்டாம். அதே ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த பட்டாம்பூச்சி விசைப்பலகை, ஒரு தூசி நுழைந்தாலே மக்கர் செய்தது. சில வருடங்களில் கைவிட்டார்கள். வாடிக்கையாளர் வழக்கில் 5 கோடி டாலர் தர 2022இல் ஒப்புக்கொண்டார்கள்.

‘ராணுவத் தரம்’ என்ற ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. மில்-எஸ்டிடி-810 என்பது 1962இல் அமெரிக்க ராணுவத்துக்காக வெளிவந்த பரிசோதனைத் தொகுப்பு. அதில் வெப்பம், தூசி, அதிர்வு, விழுதல் என்று ஏகப்பட்ட சோதனைகள். அவற்றில் எதைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பவர் தயாரிப்பாளரே. சான்றிதழ் தரும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. 26 முறை கீழே போடும் சோதனையை ஐந்து கருவிகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளவும் இடமுண்டு. எந்தெந்தச் சோதனை என்று பட்டியல் தந்திருந்தால் மதிக்கலாம். வெறும் ஸ்டிக்கருக்குக் காசு தர வேண்டாம்.

கட்டுமானம் என்றதும் உடலோடு நிறுத்திக்கொள்கிறோம். சூட்டை வெளியேற்றும் ஏற்பாடும் கட்டுமானம்தான், அதுவும் பிராசஸரின் வேகத்தையே தீர்மானிக்கும் கட்டுமானம். இன்டெல் ஐ5-1235யூ சில்லின் அடிப்படை மின்திறன் 15 வாட். உச்சத்தில் 55 வாட் வரை இழுக்கும். அந்த உச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைப் பெட்டி செய்தவர்தான் முடிவு செய்கிறார். சீட்டில் இரண்டு கருவிக்கும் ஒரே பெயர். பத்து நிமிடம் வீடியோ மாற்றும் வேலை கொடுத்தால் ஒன்று ஓடும், மற்றது மூச்சு வாங்கும்.

அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு செம்புக் குழாயில் இருக்கிறது. அடிமூடியைக் கழற்றினால் பிராசஸரிலிருந்து விசிறி வரை தட்டையான செம்புக் கம்பி ஒன்று போவது தெரியும். கம்பி அல்ல, உள்ளே பொள்ளல். காற்றை உறிஞ்சிவிட்டுச் சில துளி தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, விசிறிக் காற்றில் குளிர்ந்து தண்ணீராகும். உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெய் இழுக்கும் அதே தத்துவத்தில், அதைத் திரும்ப இழுத்துவரும். மோட்டார் இல்லை, அசையும் பாகம் இல்லை. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய பிறகு, விண்கலங்களில் வெப்பத்தை நகர்த்த இதைப் பயன்படுத்தினார்கள். 15 வாட் வெப்பத்தைச் சுமக்க விநாடிக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்றே மேல் தண்ணீர் ஆவியானால் போதும். ஒரு மணி நேரத்துக்குக் கூட்டினால் 23 கிராம். உள்ளே இருப்பதோ சில துளிகள். அவையே ஓயாமல் போய்ப்போய் வருகின்றன.

ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு, கொஞ்சம் பெரிய விசிறி, அதிகத் தகடுகள் என்று போனால் விலை ஏறும், எடையும் ஏறும். நம் ஊருக்கு இது ஆடம்பரம் அல்ல. சில்லின் உச்ச வரம்பு 100 டிகிரி என்று வையுங்கள். 25 டிகிரி அறையில் காற்றுக்கும் சில்லுக்கும் 75 டிகிரி இடைவெளி. கத்திரி வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் 40 டிகிரி அறையில் அது 60. வெளியேறும் வெப்பம் இந்த இடைவெளிக்கு ஏற்பத்தான்; ஆக அதே கருவி ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டைக் கழிக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் எடுத்த வேக அளவுகளை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

திரையை நீளமாகப் பேச வேண்டியதில்லை. விவரத்தில் ‘45 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ என்று இருந்தால் நிறங்கள் சோகையாக இருக்கும் என்று அர்த்தம். அந்த அளவுகோல் 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வந்தது என்பது கூடுதல் தமாஷ். தினமும் எட்டு மணி நேரம் பார்க்கப்போகிற பொருள் திரை. அதில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, எதை வாங்குவது? மேசையைவிட்டு நகராத கருவி என்றால் உடலுக்குக் கூடுதல் பணம் வீண். நல்ல திரைக்கும் காற்றோட்டத்துக்கும் கொடுங்கள். பையில் போட்டுப் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வருகிற கருவி என்றால், பிராசஸரில் ஒரு படி இறங்கியாவது கெட்டியான உடலை வாங்குவேன். 48,000 ரூபாய்க் கருவி மூன்று வருடத்தில் கீலோடு முடிந்தால் வருடத்துக்கு 16,000. 60,000 ரூபாய்க் கருவி ஐந்து வருடம் ஓடினால், நடுவில் புது பேட்டரிக்கு ஐயாயிரம் சேர்த்தாலும், வருடத்துக்கு 13,000. சில்லின் ஒரு படி வேகத்தை அலுவலக வேலையிலோ படிப்பிலோ யாரும் உணரப்போவதில்லை.

கடையில் மூடியைத் தட்டாதீர்கள். ஒற்றை விரலால் நடுவில் பிடித்துத் திறந்து பாருங்கள், அடிப்பாகம் கூடவே எழுகிறதா என்று. விசைகளுக்கு நடுவே அழுத்துங்கள், தளம் அமிழ்கிறதா என்று. கருவியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். முனகல் சத்தம் கேட்டால் வேறு கருவி பார்க்கலாம். இதைவிட நம்பகமான வழி வீட்டிலேயே இருக்கிறது. டெல், எச்.பி., லெனோவோ ஆகியவை பல மாடல்களுக்குப் பழுதுபார்ப்புக் கையேட்டை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. சி தளத்தின் பக்கத்தைத் திறந்து, விசைப்பலகை தனிப் பாகமா என்று பாருங்கள். திருகினால் மாட்டியிருந்தால் மாற்றுவது சுலபம். பிளாஸ்டிக் முனைகளை உருக்கி ஒட்டியிருந்தால் ஒரு விசைக்காக முழுத் தளத்தையும் வாங்க நேரும். ரேமுக்குக் காலி இடம் உண்டா, சார்ஜர் முனை தனிச் சிறு பலகையில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே பற்றவைத்ததா என்பதும் அதே கையேட்டில் தெரியும்.

நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்த டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் வகைகளையும் ஒதுக்க வேண்டாம். புதிதில் லட்சத்துக்கு மேல் விற்ற உடல், நடுவிலைக்கும் கீழே கிடைக்கும். பேட்டரியை மட்டும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் செல்லின் வயது உடலின் தரத்தைப் பார்ப்பதில்லை.

புதிதுதான் வேண்டும் என்றால் பில் போடுவதற்கு முன் இன்னொன்றையும் கேளுங்கள்: ஹிஞ்ச் உடைந்தால் வாரண்டியில் வருமா? பல இடங்களில் அதை ‘பிசிக்கல் டேமேஜ்’ கணக்கில் தள்ளிவிடுவார்கள். விபத்துச் சேதத்துக்கான கூடுதல் வாரண்டி என்ன விலை, அதில் கீல் அடங்குமா, சி தளம் மாற்றினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாயிரம் ரூபாய் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே வந்துவிடும்.